கடவாப்பல்லுக்கு நீல மருந்து

மார்த்தாண்டம் பக்கத்துல சின்னதா ஒரு பல் கிளினிக் வச்சிருக்கேன். காலைல வாறவங்கள்ல பாதிப்பேரு ரப்பர் வெட்டு முடிச்சு அப்பிடியே வாறவங்க, சட்டையில அந்த ரப்பர் பால் வாடை இருக்கும். எல்லாருக்கும் ஒரே கதைதான், பல்லு ஆடுச்சு, ஈறு வீங்குச்சு, மெடிக்கல்ல மாத்திரை வாங்கித் தின்னேன், நின்னுச்சு, இப்ப திரும்ப வந்திருக்கு. என்ன மாத்திரைன்னு கேட்டா சட்டைப்பையில இருந்து பாதி தின்ன அட்டைய எடுத்துக் காட்டுவாங்க. வலி போன அன்னைக்கே மாத்திரையும் நின்னிருக்கும்.

அவங்கள மட்டும் குறை சொல்ல முடியாது. படிச்சு முடிச்ச புதுசுல நானும் ஈறு வீங்கி வந்தவங்களுக்கெல்லாம் அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல்னு கிருமியக் கொல்ற மாத்திரைய எழுதி அனுப்புனவதான். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கற பையில கிருமி தனித்தனியா அலையாது, பிசின் மாதிரி ஒரு படலத்தக் கட்டி அதுக்குள்ள குடியிருக்கும், மாத்திரை ரத்தத்துல போயி அங்க சேரும்போது அதோட பலம் ரொம்பக் குறைஞ்சிரும். போதாததுக்கு அதுல சில கிருமி அமாக்ஸிசிலினை உடைக்கற என்சைமையே வச்சிருக்கும். அரைகுறையா மாத்திரை தின்னா அப்பிடிப்பட்டதுக தப்பிச்சு நிக்கும், மத்ததுக போயிரும்.

அந்தப் பையில ஒரு சாயத்த விட்டு, வெளிச்சம் அடிச்சு கிருமிய கொல்லலாம்னு கேட்டப்ப முதல்ல எனக்கு ஏதோ யாவாரம்னுதான் தோணுச்சு. ஆனா விஷயம் பழசு. 1900 வாக்குல மியூனிக்ல ஆஸ்கர் ராப்னு ஒரு மாணவர் தண்ணியில வாழ்ற ஒரு நுண்ணுயிர்ல அக்ரிடின் சாயத்த விட்டுப் பாத்திருக்காரு, அதே அளவு சாயந்தான், ஆனா ஒரு தடவ சீக்கிரம் செத்துருது, இன்னொரு தடவ கெடந்து உயிரோட ஓடுது. வித்தியாசம் என்னன்னு பாத்தா வெளிச்சம்! நாங்க போடறது மெத்திலீன் புளூங்கற நீலச் சாயம், அது மேல 660 நானோமீட்டர் செவப்பு லேசர். சாயம் அந்த வெளிச்சத்த வாங்கி பக்கத்துல இருக்கற ஆக்சிஜனுக்குக் கொடுக்கும், அது வெறி புடிச்ச ஆக்சிஜனா மாறி கிருமியோட தோலு, புரதம், டி.என்.ஏ.ன்னு கெடச்சதெல்லாம் சுட்டுரும். அதோட ஆயுசு மைக்ரோ செகண்டுக் கணக்கு, ஒரு பாக்டீரியாவோட நீளத்தக்கூட தாண்டாது. ஒரே ஒரு பூட்டத் தொறக்கற மருந்துன்னா கிருமி பூட்ட மாத்திரும், இது வீட்டையே கொளுத்துறதால தப்பிக்க வழி படிக்கறது அதுக்கு ரொம்பக் கஷ்டம். அதான் எனக்குப் புடிச்சது.

முதல் கேஸ்ல சொதப்புனேன். சுத்தம் பண்ணின கையோட, ரத்தம் நிக்கறதுக்கு முன்னாடியே சாயத்த விட்டு லேசர் அடிச்சேன். ரத்தம் சாயத்தையும் கழுவிருச்சு, வெளிச்சத்தையும் அதுவே குடிச்சிருச்சு, ஒரு பிரயோஜனமும் இல்ல.

அதுக்கப்புறம் வந்தவருதான் மாமா, குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுறவரு, சுகர் வேற. கீழ் கடவாப்பல்லுல, பையோட ஆழம் பாக்கற அளவு கம்பி 7 மில்லிமீட்டர் இறங்குச்சு, 3 வரைக்கும்தான் நல்ல ஈறு. வேரச் சுரண்டி காரைய எடுத்துட்டு இருந்தப்ப வாயத் தொறந்துட்டே ஏதோ சொன்னாரு, துப்பவிட்டுக் கேட்டா, "மக்களே, பாத்துச் சுரண்டு, பட்டையில ஆழமா கத்தி போனா மரம் கெட்டுப்போவும்." எங்க புரொபசர்கூட இவ்வளவு தெளிவா சொன்னதில்ல. ரத்தம் நிக்கற வரைக்கும் பஞ்சு வச்சு பொறுமையா இருந்து, பைக்குள்ள நீலத்த விட்டு, ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு கழுவிட்டு, லேசரோட மெல்லிசான நுனிய உள்ள விட்டு ஒவ்வொரு எடத்துலயும் ஒரு நிமிஷம். "நான் பொழுது வெளுக்கறதுக்கு முன்னாடி தலையில லைட்டு கட்டிட்டுப் போறேன், நீ என் வாயில லைட்டு கட்டுத" அப்படின்னு சிரிச்சாரு, பாத்தா உதடு, நாக்கு எல்லாம் நாவப்பழம் தின்ன பிள்ளைக மாதிரி நீலம்.

"மாத்திரை இல்லியா?"

"இல்ல மாமா. சுகர் மாத்திரைய மட்டும் விட்டுராதிய."

அவருக்கு அதுல திருப்தியே இல்ல. மாத்திரை எழுதாத டாக்டர் என்ன டாக்டர்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுது.

மூணு மாசம் கழிச்சு வந்தாரு. 7 இருந்தது 4, பின்பக்கம் ஒரு எடத்துல மட்டும் 6-லயே நிக்குது. இது வெளிச்சம் பண்ணுனதா, சுரண்டுனது பண்ணுனதா, சுகர் இறங்குனதா, சத்தியமா என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆராய்ச்சிகளும் அப்பிடித்தான் இருக்கு, சிலதுல சுரண்டலுக்கு மேல கொஞ்சம் கூடுதல் பலன், சிலதுல ஒண்ணுமே இல்ல. அதனால சுரண்டாம லேசர் மட்டும் அடிச்சு காசு வாங்கற வேலையப் பாத்தா எனக்கு எரிச்சல் வரும்.

அந்தப் பின்பக்கத்துக்கு இன்னொரு தடவ போடலாம்னு சொன்னேன். மாமா யோசிச்சாரு. "போடலாம். ஞாயித்துக்கிழம மச்சான் மவளுக்குக் கல்யாணம், அது முடியட்டு. போன தடவ வீட்டுல அவ பேனா மையக் குடிச்சியளான்னு கேட்டுட்டா."