வடக்குச் சுவர்

மார்ச் 4

சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுக்க ஆரம்பித்தாச்சு. உளி வைப்பதற்கு முன்னால் கொத்தனார் விரல் முட்டியால் சுவர் நெடுகத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் கெட்டிச் சத்தம், வடக்குப் பக்கம் வந்ததும் பொத்தென்று வெற்றுச் சத்தம். அங்கே ஒரே அடிதான், பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல் கறுத்து நனைந்து கிடக்கிறது. சுண்ணாம்பில் கட்டிய சுவர். யாரோ ஒரு காலத்தில் அதன்மேல் சிமெண்டைப் பூசி மூடிவிட்டார்கள். சுண்ணாம்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், காற்றாடினால் விட்டுவிடும். சிமெண்ட் அந்தப் போக்கை அடைத்துவிட்டது. போக இடமில்லாத ஈரம் செங்கல்லையே அரித்திருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வந்ததும் இந்த அறையில்தான் கட்டில் போடணும். வேறு அறை கிடையாது.

மார்ச் 5

"எப்போ முடியும்?" என்று மட்டும் அக்கா அனுப்பியிருக்கிறாள்.

மார்ச் 7

காரணம் வெளியே இருந்திருக்கிறது. டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய குழாய், வைத்து மட்டம் பார்த்தால் வடக்குப் பக்க மண் உள்ளே தரையைவிட ஒரு சாண் உயரம். வருஷா வருஷம் செடி, குப்பை, கட்டட இடிபாடு என்று கொட்டிக் கொட்டி ஏறியிருக்கும். மழை பெய்தால் தண்ணீர் நேரே சுவருக்குள்தான் போகும். கொத்தனார் மண்ணைக் காலால் எத்திக் காட்டினார்: "இதை வெட்டி எறக்காம உள்ள என்னத்தப் பூசினாலும் நிக்காது தம்பி." உள் தரைக்குக் கீழே குறைந்தது 15 செ.மீ. தாழ்வாக மண் இருக்கணும், சுவரை விட்டு வெளியே சரிவும் இருக்கணும். எவ்வளவு ஆழத்துக்கு வெட்டலாம் என்பதில் மட்டும் அவர் கறார், அஸ்திவாரத்தின் அடி தெரியக் கூடாது.

ஈரத்துக்கு என்று டப்பா டப்பாவாக விற்கிற ரசாயனத்தையெல்லாம் இரவு முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். மண்வெட்டி போதும் என்று எந்த விளம்பரமும் சொல்லாது.

மார்ச் 8

அம்மா இன்று நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாளாம்.

மார்ச் 10

சுவரில் பிளாஸ்டிக் தாள் ஒன்றை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். அறையைப் பார்த்த பக்கம் நீர் கோத்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தால் சரியாகும். தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் கோத்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது.

மார்ச் 11

பின்னால்.

மார்ச் 13

நாள் முழுக்க டேப்பும் கையுமாக. படுக்கையறைக் கதவு நிலையின் உள்ளளவு 76 செ.மீ. கதவை முழுக்கத் திறந்தாலும் அதன் கனம் மூணு நாலு செ.மீ. தின்றுவிடுகிறது. சக்கர நாற்காலி தாராளமாகப் போக 80 செ.மீ.க்கு மேல் வேண்டும். பிடித்துக்கொண்டு நடக்கிற வாக்கராக இருந்தால் பரவாயில்லை. வாக்கரா நாற்காலியா என்று ஆஸ்பத்திரியில் யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை, நான் இங்கே இரண்டுக்கும் அளந்துகொண்டிருக்கிறேன்.

நிலையை உடைத்துப் பெரிதாக்கினால் மேலே இருக்கிற உத்தரத்தில் கை வைக்கணும். வேண்டாம். படுக்கையறைக் கதவையே கழற்றிவிட்டுக் கனமான பருத்தித் திரை போடலாம் என்று முடிவு. குளியலறைக் கதவு மட்டும் வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி மாறணும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கிற கதவை ஆள் உடம்பே அடைத்துக்கொள்ளும். இதை ஆசாரியிடம் சொன்னபோது அவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

தரை அப்படியே இருக்கட்டும். பழைய ஓடு, நிறம் போயிருக்கிறது, ஆனால் ஈரத்திலும் கால் வழுக்காது. இதைப் பெயர்த்து பளபளவென்று ஒன்றைப் போடச் சொல்கிறவர்களுக்கு வயதானவர் யாரும் வீட்டில் இல்லை போலிருக்கிறது.

மார்ச் 16

அக்காவோடு சண்டை. ரெடிமேட் அலமாரி சுவர் முழுக்கப் போட்டால் ஒரே நாளில் வேலை முடியும் என்கிறாள். நியாயம்தான், நாள் இல்லை. ஆனால் அந்தப் பலகை மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்தது. மலிவான பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும், வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் அதிகம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. மூச்சு வாங்குகிற ஒருத்தியை ஒன்பதடி அறையில் அதற்குப் பக்கத்தில் படுக்கவைக்கச் சொல்கிறாயா என்று கேட்டுவிட்டேன். அவள் விடவில்லை: "அம்மா வர்றதுக்காக வீடா, வீடு காயறதுக்காக அம்மாவா?"

போனை வைத்த பிறகும் அது காதிலேயே இருக்கிறது.

அலமாரியும் அடைத்து நிறுத்தினால் அந்தச் சுவர் எங்கே காயும். இதை அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 17

அமெரிக்காவில் ஷேக்கர்கள் என்று ஒரு சமயக் குழு. அவர்கள் அறையைச் சுற்றி ஆள் உயரத்துக்கு ஒரு மரச்சட்டம் அடித்து முளைகள் வைத்திருப்பார்கள். துணி, விளக்கு, உட்காராத நேரத்தில் நாற்காலி எல்லாம் அதில் தொங்கும், தரை காலியாக இருக்கும், பெருக்குவது சுலபம். அலமாரிக்குப் பதில் இதைச் செய்யலாம், பரணிலிருந்து இறக்கிய பழைய பலகையில் தாராளமாக வரும். சட்டத்தை அம்மாவின் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு இறக்கிவிட்டால் சரி.

ஒரு விஷயம், அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாது, உடம்புப் பாரம் தாங்காது. பிடிமானக் கம்பிக்குச் சுவரை ஊடுருவி போல்ட் போட்டு, பின்பக்கம் தகடு கொடுக்கணும்.

மார்ச் 18

பின்னால் முத்து முத்தாக.

மார்ச் 21

உப்புப் பூத்திருக்கிறது. வெள்ளை வெள்ளையாக, ஊதினால் பறக்கிற தூள். கொத்தனாரின் பையன் வாளியும் துணியுமாக வந்தான், தடுத்துவிட்டேன். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி செங்கல்லுக்குள்தான் போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, கூட்டி அள்ளி வெளியே கொட்டணும். மறுபடி பூக்கும், மறுபடி தட்டணும். உப்பு வெளியே வருகிறதென்றால் ஈரமும் வெளியேறுகிறது என்று அர்த்தம், ஆகவே இது நல்ல செய்தி, எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மார்ச் 22

ஜன்னல் சட்டத்தில் பெயிண்ட் ஏழெட்டு அடுக்கு. இவ்வளவு பழசில் ஈயம் இருக்கலாம், அதனால் உலர வைத்துத் தேய்க்கக் கூடாது. நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைப் பையில் கட்டினோம். முகமூடி போட்டதால் பேச்சு இல்லை. நல்ல நாள்.

மார்ச் 26

பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினோம். மரத்தின் ரேகை எழுந்து வந்ததைப் பார்த்து ஆசாரியே ஒரு நிமிஷம் கையை நிறுத்தினார். ஆனால் எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். எல்லாவற்றையும் பிரித்துக் கொடியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் போட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்து அதை மட்டும் பார்க்கப் போனேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சுவரையும் தொட்டுப் பார்த்தேன்.

மார்ச் 29

அம்மாவிடம் பேசினேன். ஜன்னல் திறக்கிறதா என்று கேட்டாள். திறக்கிறது என்றேன்.

ஏப்ரல் 3

தாளுக்குப் பின்னால் காய்ந்திருக்கிறது!

ஏப்ரல் 5

பூச்சு. நீற்றிப் பல மாதம் ஊறிய சுண்ணாம்பு, ஒன்றுக்கு மூன்று மணல். முதலில் செங்கல்லை நனைக்கணும், இல்லாவிட்டால் கலவையின் தண்ணீரை அது உறிஞ்சிவிடும், பூச்சு பொடியாக நிற்கும். எல்லோருக்கும் கண்ணாடி மாட்டிவிட்டேன், கண்ணில் ஒரு துளி தெறித்தால் போச்சு. கொத்தனார் கரண்டியால் வீசி அடித்தார், மட்டப்பலகையால் இழுத்தார், கடைசியில் மரக் கட்டையால் வட்ட வட்டமாகத் தேய்த்தார். பக்கத்தில் நின்றால் சர்ர், சர்ர் என்ற சத்தம் மட்டும்தான்.

"இப்படியே விடலாமாண்ணே?"

"வேகமாக் காய விடாதீங்க. ஈரச்சாக்கைத் தொங்க விடுங்க."

இவ்வளவு நாள் காயவில்லையே என்று தவித்துவிட்டு இனிமேல் காயாமல் பார்த்துக்கொள்ளணும். சுண்ணாம்பு காற்றிலிருக்கிற கரியமில வாயுவை வாங்கித்தான் மறுபடி கல்லாகும், அதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். வேகமும் தெரியும், மாதத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. கணக்குப் போட்டால் அம்மா வந்து வெகு நாள் கழித்தும் சுவர் உள்ளுக்குள் இறுகிக்கொண்டேதான் இருக்கும். அதனால் ஒன்றும் கெடுதல் இல்லை, பூசிய முதல் நாட்களில் தொடாமல் இருந்தால் போதும்.

சுண்ணாம்பைச் சுட ஏறக்குறைய 900 டிகிரி, சிமெண்டுக்கு 1450. சூழலுக்கு நல்லது என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கென்னவோ இந்த வீட்டில் நடந்த பெரிய மிச்சம், இடிக்காமல் விட்டதுதான்.

ஏப்ரல் 9

வெள்ளையடிப்பு. பால் பதத்துக்கு மெல்லிசாக. ஈரத்தில் ஒன்றுமே தெரியாது, அடித்தோமா இல்லையா என்று சந்தேகமே வரும், காயக் காய வெளுக்கும். கெட்டியாக அடித்தால் உரிந்துவிடும், அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை.

அக்கா வந்து பார்த்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "தரையும் வெளுப்பு, சுவரும் வெளுப்பு, அவளுக்கு எது எங்க முடியுதுன்னே தெரியாதுடா" என்றாள். நூற்றுக்கு நூறு உண்மை. அடியில் ஒரு முழ உயரத்துக்கு அடர்ந்த காவி அடிக்கப் போகிறேன், சுவிட்சைச் சுற்றியும் கொஞ்சம். விளக்கு 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம், ராத்திரிக்குக் கட்டிலிலிருந்து குளியலறை வரை தாழ்வாகச் சின்ன விளக்குகள்.

சமாதானம் என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை. முளைகளுக்கு அவள்தான் எண்ணெய் தேய்த்தாள்.

ஏப்ரல் 12

செவ்வாய்க்கிழமை அனுப்புகிறார்களாம். வாக்கர்தான்.

ஏப்ரல் 13

ஆசாரி போனை எடுக்கவில்லை. குளியலறைக் கதவு இன்னும் தரையில் படுத்திருக்கிறது, கீல் பள்ளத்தை மறுபக்கம் வெட்டணும். உளி இருக்கிறது. அக்கா கதவைப் பிடித்துக்கொள்ள வருகிறாள், அவள் வந்ததும் ஆரம்பிக்கணும்.