கிரிமியா பாஸ்போர்ட்டோட கீவ்ல ஓட்டு: மாமியாரைக் கூட்டிட்டு அலைஞ்ச கதை

2014 மே 25 உக்ரைன் ஜனாதிபதி தேர்தல்ல என் மாமியாரை கீவ்ல ஓட்டு போட வைக்க நான் பட்ட பாட்டுக்கு நம்மூர் தாலுகா ஆபீஸே தேவலாம். ஜனாதிபதியா இருந்த யனுகோவிச் பிப்ரவரியில நாட்டை விட்டு ஓடிட்டாரு, துர்ச்சினோவ் தற்காலிக ஜனாதிபதி, மார்ச்ல கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கிச்சு, கிழக்குல சண்டை ஆரம்பிச்சாச்சு, அப்பவும் சொன்ன தேதியில தேர்தல் நடத்தியே தீருவோம்னு நின்னாங்க. எனக்கு ஓட்டு கிடையாது, நான் கிரிமியாவோட தலைநகர் சிம்ஃபெரோபோல்ல டாக்டருக்குப் படிக்கப் போய் அங்கயே பொண்ணு கட்டினவன். அத்தை ரஷ்ய பாஸ்போர்ட் வேண்டவே வேண்டாம்னு உக்ரைன் பாஸ்போர்ட்டை பத்திரமா மடிச்சு எடுத்துக்கிட்டு ட்ரெயின் ஏறி கீவ்ல இருக்கற எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. மனைவிக்கு லீவு இல்ல, ஸோ கூட்டிட்டுப் போற டூட்டி எனக்கு.

ஓட்டுப் போடுற இடத்தை தற்காலிகமா மாத்தணும்னா அப்போ மாவட்ட நிர்வாக ஆபீஸ்ல இருந்த வாக்காளர் பதிவேடு பிரிவுக்குப் போகணும். கவுன்டர்ல இருந்த அம்மா பாஸ்போர்ட்டை புரட்டிப் புரட்டி, முகவரி முத்திரை பக்கத்துல சிம்ஃபெரோபோல்னு பார்த்ததும் "இங்க ஏன் ஓட்டு போடணும், ஆதாரம் எங்க"ன்னு கேட்டாங்க. வேலை கடிதம், ஆஸ்பத்திரி சீட்டு ஏதாவது வேணுமாம். அத்தைக்கு வந்துச்சே கோபம், "ஆதாரம் வேணும்னா டிவியைப் போட்டுப் பாரு!" அந்தம்மா முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஃபைலை மூடிட்டாங்க. அன்னைக்கு போனது வேஸ்ட்.

அடுத்து போனப்ப நல்ல காலம் வேற பையன் உக்காந்திருந்தான். கிரிமியாக்காரங்களுக்கு விண்ணப்பமும் பாஸ்போர்ட்டும் போதும், வேற எதுவும் கேக்கக்கூடாதுன்னு அவனே சொன்னான், பக்கத்து சீட்ல இருந்த அந்தம்மா காதுல விழற மாதிரி. முகவரி பக்கத்தையும் சேர்த்து ஜெராக்ஸ் முன்னாடியே எடுத்துட்டுப் போயிருக்கணும், அங்க மெஷின் வேலை செய்யல. கடைசி நாள் வரைக்கும் இழுக்காம போனது நல்லதாப் போச்சு, எங்க பின்னாடியே கூட்டம் படிக்கட்டு வரைக்கும் நின்னுச்சு.

தேர்தல் அன்னைக்கு இன்னொரு கூத்து. கீவ்ல அதே நாள்ல மேயர் தேர்தலும் மாநகர சபை தேர்தலும் வெச்சுட்டாங்க, அதனால எல்லார் கையிலயும் கத்தை கத்தையா சீட்டு, க்யூ நகரவே மாட்டேங்குது, உள்ள ஒரே புழுக்கம். எங்க முறை வந்தா பட்டியல்ல பேரே இல்லைன்னாங்க. நான் விடல, பதிவு ஆபீஸ்ல குடுத்த துண்டு பேப்பரை நீட்டி முழுசா பாருங்கன்னு நின்னேன், கடைசியில வேற ஒரு பக்கத்துல இருந்துச்சு. அந்த பேப்பர் மட்டும் இல்லைன்னா திருப்பி அனுப்பியிருப்பாங்க, நல்லவேளை தொலைக்கல. அத்தை வெளியூர்ங்கறதால ஜனாதிபதி சீட்டு ஒண்ணு மட்டும்தான். "மத்ததெல்லாம் எனக்கு இல்லையா"ன்னு அங்கயும் ஒரு சண்டை. ஆனா ஒரே சீட்டுங்கறதால திரைக்குப் பின்னாடி போய் டக்குனு முடிச்சுட்டு, கண்ணாடி மாதிரி இருக்கற அந்தப் பெட்டியில போட்டுட்டு வந்துட்டாங்க.

க்யூவுல பேச்சு குடுத்த ஒருத்தரோட அம்மா அப்பா, சண்டை நடக்கற கிழக்குப் பக்கம் டோனெட்ஸ்க்ல. அந்த சிட்டியில ஒரு பூத் கூட திறக்கல, பல இடத்துல ரஷ்ய ஆதரவு ஆளுங்க துப்பாக்கியோட வந்து தேர்தல் ஆபீஸையே பிடிச்சுட்டாங்க. அதைக் கேட்டப்புறம் ஜெராக்ஸ் மெஷினைப் பத்தி புலம்பறதுக்கே கூச்சமா இருந்துச்சு, ஆனாலும் புலம்பத்தான் செஞ்சேன்.

பொரோஷென்கோ பாதிக்கு மேல, 54.7 சதவீத ஓட்டோட முதல் சுற்றுலயே ஜெயிச்சுட்டாரு. அரசியல் ரீதியா அதுக்கு ஆயிரம் அர்த்தம் சொல்லலாம், எனக்கு ஜூன்ல இரண்டாவது சுற்று இல்லைங்கறதுதான் பெரிய நிம்மதி.