ஐந்து யூனிட்டில் எந்த இரண்டு?

பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதத்தில் கலப்பு முறைக் கற்பித்தல் குறித்து ஒரு கருத்துரு வெளியிட்டது. ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்றது அது. எங்கள் துறைக் கூட்டத்தில் அதைப் படித்ததும் எல்லாரும் போட்டது ஒரே கணக்கு. சிலபஸில் ஐந்து யூனிட், 40 சதவீதம் என்றால் இரண்டு யூனிட். எந்த இரண்டு? கடைசி இரண்டுதான், செமஸ்டர் முடிவில் எப்படியும் அவசரமாக ஓட்டுகிற பகுதிதானே. கூகுள் மீட்டில் முடித்துக்கொள்ளலாம். லெசன் பிளானும் அப்படியே தயாரானது.

நான் நடத்துவது புள்ளியியல். கடைசி யூனிட்டில்தான் கருதுகோள் சோதனை வருகிறது, அதாவது ஓர் ஊகத்தைத் தரவு ஆதரிக்கிறதா என்று பார்ப்பது. பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடமே அதுதான். அதைத் திரைக்கு அனுப்பிவிட்டு, சராசரியும் இடைநிலையும் படிக்க அறுபது பேரைப் பஸ் ஏறி வரச்சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் யூனிட் யூனிட்டாகப் பிரிக்காமல், ஒவ்வொரு யூனிட்டுக்கு உள்ளேயும் பிரித்தேன். தனியாகக் கேட்டாலே பிடிபடுகிறவை ஒரு பக்கம். பக்கத்தில் ஆள் இருந்து மறுத்துப் பேசினால்தான் நகர்கிறவை இன்னொரு பக்கம். கலப்பு முறைக்காகச் செய்த வேலையில் பெரும்பகுதி இதுதான். கேமரா, மைக் எல்லாம் அப்புறம்.

பிரிக்கும்போது எங்கள் மூத்தவர்களோடு ஒரு சின்ன வழக்கு. நிரூபணங்களைக் கரும்பலகையில்தான் நடத்த வேண்டும் என்பது அவர்கள் கட்சி. பலகையில் நிரூபணம் எழுதும்போது வகுப்பில் என்ன நடக்கிறது? தலையைக் குனிந்துகொண்டு எல்லாரும் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். வீடியோவாக இருந்தால் புரியாத வரியில் நிறுத்தி மறுபடி கேட்கலாம். ஆகவே, புதுத் தகவல் வந்தால் ஒன்றின் வாய்ப்பு எப்படி மாறும் என்று சொல்லும் பேயிஸ் தேற்றத்தின் நிரூபணம் வீடியோவுக்குப் போனது. வகுப்புக்கு வந்தது ஒரே ஒரு கேள்வி.

நூறில் ஒருவருக்கு இருக்கும் ஒரு நோய். நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைப் பரிசோதனை சரியாகக் காட்டிவிடும். நோய் இல்லாதவர்களிலும் 5 சதவீதம் பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் என்று சொல்லும். ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்திருக்கிறது. அவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு?

சூத்திரத்தை முந்தின நாளே கேட்டுவிட்டு வந்தவர்கள்தான். ஆனாலும் பாதிக்கு மேல் 90 என்றே கை தூக்குகிறார்கள். விடையைச் சொல்லாமல், ஆயிரம் பேரை வைத்து எண்ணிப் பாருங்கள் என்று விட்டுவிடுவேன். நோயாளிகள் 10 பேர், அதில் பாசிட்டிவ் 9. மீதி 990 பேரில் தவறான பாசிட்டிவ் ஏறக்குறைய 50. ஆக மொத்தம் 59 பாசிட்டிவில் நிஜ நோயாளி 9 பேர்தான். சுமார் 15 சதவீதம். “இல்ல மேம், எங்கயோ தப்பு இருக்கு” என்று ஒருத்தி எழுந்திருப்பாள். பின் பெஞ்சிலிருந்து இன்னொருவன் அவளுக்குப் பதில் சொல்வான். கொரோனா காலத்துப் பரிசோதனைக் கதைகளும் நடுவே வந்துவிடும். பீரியட் முடிந்த மணி காதில் விழாது. மியூட் போட்ட கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசி இதைச் செய்ய முடியாது.

வீடியோக்களைச் சிறிதாகவே வைத்துக்கொண்டேன். எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களை வைத்து 2014இல் வந்த ஓர் ஆய்வு, மாணவர்கள் கவனத்தோடு பார்ப்பது ஆறு நிமிடம் வரைதான் என்று காட்டியது. எங்கள் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய காரணம் டேட்டா. தினசரி பேக்கில் மிஞ்சியதை நள்ளிரவுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று பதினொன்றரை மணிக்கு மேல்தான் பலர் டவுன்லோடு செய்கிறார்கள். பார்ப்பது காலையில் காலேஜ் பஸ்ஸில். அது தெரிந்த பிறகு எழுத்தைப் பெரிதாக்கினேன். பஸ் இரைச்சலில் குரல் கேட்காவிட்டாலும் திரையைப் பார்த்தே புரியும்படி வரிகளை அமைத்தேன்.

வகுப்பில் பாதிப் பேர், வீட்டிலிருந்து பாதிப் பேர் என்று ஒரே நேரத்தில் நடத்துவதையும் செய்து பார்த்தோம். பலகையைப் பார்த்தால் மைக்குக்குக் குரல் எட்டாது, மைக்கைப் பார்த்தால் எதிரில் இருப்பவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் நஷ்டம்தான். அதை விட்டுவிட்டோம்.

தீராத சங்கடங்களும் உண்டு. வீடியோ தயாரிக்கும் நேரத்துக்கு ஒர்க்லோடு கணக்கில் இடமில்லை. டைம்டேபிளில் இருக்கும் பீரியட்தான் வேலை. கோர்ஸ் ஃபைலில் ‘நடத்திய பகுதி’ என்ற கட்டத்தில் ‘விவாதம்’ என்று எழுதினால், பாடம் எங்கே என்று கேட்கிறார்கள். வீடியோ பார்க்காமலே வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக முதல் பத்து நிமிடம் மறுபடி நடத்தினால் பார்த்து வந்தவர்களும் அடுத்த முறை பார்க்க மாட்டார்கள், அதனால் நடத்துவதில்லை. பக்கத்திலிருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இன்டர்னல் தேர்வு எங்கள் கையில் இருப்பதால் அந்த ஆயிரம் பேர் மாதிரியான கேள்விகளை அதில் கேட்கிறோம். செமஸ்டர் வினாத்தாள் வெளியிலிருந்து வருகிறது, அதில் இன்னமும் ‘பேயிஸ் தேற்றத்தைக் கூறி நிரூபிக்க’ என்றுதான் இருக்கிறது. பிள்ளைகளின் மார்க் ஆயிற்றே. ஒவ்வொரு யூனிட் முடிவிலும் ஒரு பீரியட் ஒதுக்கி, நோட்டை மூடிவைத்துவிட்டு நிரூபணத்தை எழுதிக் காட்டச் சொல்கிறேன்.