வீட்டைக் கேட்டேன், சேமநிதியைக் கேட்க மறந்தேன்

பதினான்கு வருட கல்யாண வாழ்க்கை, இரண்டு பிள்ளைகள். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு அடுக்குமாடி வீடு, அதற்கு இன்னும் பாதி பேங்க் கடன். பிரிவது என்று முடிவானதும் நான் வக்கீலிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "வீட்டை எனக்குக் கொடுத்துடச் சொல்லுங்க, வேற எதுவும் வேண்டாம்."

அவர் கேட்டார், "அக்கா, மாதத் தவணை யார் கட்டுறது? உங்க வீட்டுக்காரரோட இ.பி.எஃப். சேமநிதில எவ்வளவு இருக்கு, தெரியுமா?"

தெரியாது. பெரியவள் பிறந்ததும் வேலையை விட்டவள் நான், திரும்பப் போனது எட்டு வருடம் கழித்துத்தான். கல்யாணத்துக்குப் பிறகு என் கணவரின் சேமநிதியில் சேர்ந்தது 130,000 ரிங்கிட், என்னுடையதில் 10,000. அது அவர் உழைத்த காசு, நான் எப்படிக் கேட்பேன் என்று கூசியது. வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதும் பங்களிப்புதான் என்று மலேசியாவின் 1976ஆம் ஆண்டு திருமணச் சட்டமே சொல்கிறதாம், கல்யாண காலத்தில் சேர்த்த சொத்தைச் சமமாகப் பிரிக்கும் பக்கமே நீதிமன்றம் சாயுமாம். இது முஸ்லிம் அல்லாதவர்களுக்கான சட்டம்.

ஆனாலும் வீடு கையில் நிற்கவில்லை. கடனை என் பெயருக்கு மட்டும் மாற்றக் கேட்டபோது, 2,700 ரிங்கிட் சம்பளத்துக்கு முடியாது என்று பேங்க் சொல்லிவிட்டது. அன்று ராத்திரி நன்றாக அழுதேன். அப்புறம் விற்றோம். கடன் போக மீதி 240,000. ஆளுக்குப் பாதி என்றால் 120,000, சேமநிதி வித்தியாசத்தில் என் பாதி 60,000. சேமநிதியை இப்போதே முழுவதும் எடுக்க முடியாது என்பதால் அதை அவருடைய வீட்டுப் பங்கிலிருந்தே கழித்து எனக்கு 180,000, அவருக்கு 60,000 என்று முடித்தோம். அதே பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வந்துவிட்டேன்.

பிள்ளைகள் செலவில்தான் அதிகம் இழுத்தது. அவர் மாதம் 600 என்றார். கோபத்தில் பேசியிருந்தால் 800இல் நின்றிருக்கும். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று மாதம் எழுதினேன்: பள்ளி வேன் 240, டியூஷன் 380, சின்னவனுக்கு ஆஸ்துமா மருந்து, இரண்டே மாதத்தில் பிய்ந்துபோன வெள்ளைச் சப்பாத்துவின் ரசீதைக்கூட ஒட்டி வைத்தேன். சராசரி 1,900 வந்தது. அவர் சம்பளம் என்னுடையதைப் போல் இரு மடங்கு, அதனால் மூன்றில் இரண்டு பங்கு அவருடையது என்றேன். அவர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், சப்பாத்து ரசீதில் கொஞ்ச நேரம் நின்றார். 1,300க்குச் சம்மதித்தார். பள்ளி திறக்கும் மாதச் செலவு தனி, ஆளுக்குப் பாதி.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், பிள்ளைகள் செலவுத் தொகையைப் பதினெட்டு வயதோடு நிறுத்திவிடாதீர்கள். அதே சட்டத்தில் 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி மேற்படிப்பு முடியும் வரை கேட்கலாம். எங்கள் ஒப்பந்த வரைவில் அந்த வரி இல்லை, இரண்டாம் முறை வாசிக்கும்போதுதான் பார்த்துச் சேர்க்கச் சொன்னேன்.

இருவரும் சம்மதித்துக் கூட்டு மனு போட்டதால் தம்பதியைச் சேர்த்து வைக்கப் பார்க்கும் பதிவு இலாகாவின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் நீதிபதி என்னிடம், யாரும் வற்புறுத்தவில்லையே, இந்த ஏற்பாடு பிள்ளைகளுக்குப் போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். மூன்று மாதத்தில் இறுதி ஆணை வந்தது. நோட்டில் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், செலவு கூடினால் தொகையை மாற்றச் சொல்லி மனு போட அதுதான் வேண்டும்.