ஹார்வர்ட் பீடாதிபதியின் பழைய கோப்புகளை மட்டக்களப்பிலிருந்து கேட்டுப் பெற்றது

1926இல் களுத்துறையில் தொடங்கியதுதான் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு, அதாவது ஒரு பிரதேசத்தின் நோய்த்தடுப்பு வேலைகளைக் கவனிக்கும் அலகு. அமெரிக்க அறக்கட்டளையான ரொக்ஃபெல்லர் மன்றம் அதற்குக் கைகொடுத்தது. ஹார்வர்ட் பொதுச் சுகாதாரப் பள்ளி 1922இல் எழுந்ததும் அதே மன்றத்தின் பணத்தில்தான். சுகாதார அதிகாரிகளை வகுப்பறையில் பழக்குவதா, ஊருக்குள் இறக்கிப் பழக்குவதா என்பதை அந்தப் பள்ளியின் நிர்வாகம் எப்படிப் பார்த்தது? இதுதான் என் ஆய்வுக் கேள்வி. “அதுக்கு அமெரிக்கா போகவேணுமே தம்பி” என்றார் மேற்பார்வையாளர். மட்டக்களப்புக் கல்லடியில் இருந்தபடியே முடிந்தது.

பள்ளியின் பீடாதிபதிகளுடைய அலுவலகக் கோப்புகள் பொஸ்டனில், கவுண்ட்வே மருத்துவ நூலகத்தின் மருத்துவ வரலாற்று மையத்தில் இருக்கின்றன. விவரப்பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் ‘சிலோன்’, ‘மலேரியா’ என்று தேடிப் பெரிய பயன் இல்லை. அங்கே எதுவும் பொருள்வாரியாக அடுக்கப்படுவதில்லை. எந்த அலுவலகம் உருவாக்கியதோ அதன் பெயரில், அது வைத்திருந்த ஒழுங்கிலேயே இருக்கும். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) காணிக் கோவை தேடி அலைந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: எந்தக் கிளை, யாருடைய காலம் என்று சொன்னால்தான் அலுமாரி திறக்கும். ஆகவே முதலில் பீடாதிபதிகளின் வரிசையை எடுத்துக்கொண்டேன். டேவிட் எட்சல், 1935இல் செசில் டிரிங்கர், 1946இல் ஜேம்ஸ் ஸ்டீவன்ஸ் சிமன்ஸ். சிமன்ஸ் இராணுவ மருத்துவர், மலேரியாவில் கைதேர்ந்தவர். பள்ளி மருத்துவ பீடத்திலிருந்து தனியாகப் பிரிந்ததும் 1946இல்தான். எனக்கு வேண்டியது அந்தக் காலம்.

பெட்டியைத் தெரிவுசெய்வதற்கு முன் மூடல் காலத்தைப் பாருங்கள். ஹார்வர்டின் நிர்வாகப் பதிவுகள் உருவான நாளிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மூடப்பட்டிருக்கும். மாணவர், ஊழியர்களின் தனிப்பட்ட விவரம் உள்ளவை 80 ஆண்டுகளுக்கு. 1950ஆம் ஆண்டுக் கூட்டக் குறிப்பை இன்று பார்க்கலாம், அதே ஆண்டு மாணவர் கோப்புக்கு 2030 வரை காத்திருக்கவேண்டும். இங்கிருந்து போய்ப் படித்த டொக்டர்மாரின் விண்ணப்பங்களைப் பார்க்கும் ஆசை அதோடு போயிற்று. எனக்குக் கோபமில்லை. ஒருவருடைய பரிந்துரைக் கடிதத்தை, அவரது பிள்ளைகள் இருக்கும்போதே முன்பின் தெரியாத நான் புரட்டுவது சரியில்லைதானே.

மின்னஞ்சலில் பெட்டி எண், கோப்புறை எண், ஆண்டு, எதற்காக என்பதை மட்டும் எழுதினேன். “சிமன்ஸ் பற்றி இருப்பதெல்லாம்” என்று கேட்டால், எது வேண்டும் என்ற கேள்விதான் திரும்பி வரும். பெட்டிகள் நகருக்கு வெளியே களஞ்சியத்தில் கிடப்பதால் எடுத்துவரவே நேரம் போகும். அவர்களின் கோடையில் நேர வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை. மாலை ஆறரைக்குப் பிறகு எழுதினால் அங்கே அலுவலகம் திறக்கும் நேரம். ஸ்கேன் கட்டணம் டொலரில். என் வங்கி அட்டை மறுத்துவிட்டது, கட்டாரில் இருக்கும் மச்சான் கட்டினார்.

வந்த பக்கங்களில் பாதிக்கு மேல் வரவுசெலவும் அறை ஒதுக்கீடும். சலிப்புத்தான். ஆனால் ஒரு பாடத்துக்கு எத்தனை மணித்தியாலம், அதற்கு யார் காசு கொடுப்பது என்ற இழுபறி அங்கேதான் தெரிகிறது; விழா மலர்களில் அது வராது. பிடிஎஃப் வந்த கையோடு அதன் பெயரிலேயே பெட்டி எண்ணையும் கோப்புறை எண்ணையும் எழுதிவிடுங்கள், அடிக்குறிப்புக்கு அவை கட்டாயம்.

களுத்துறை பற்றிய பதிவுகளுக்கு இனிக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம். அதற்கு இரவு பஸ் பிடிக்கவேண்டும்.