முறைத்தண்ணீர்க் கணக்கு: ஒரு நாட்குறிப்பு

2025 யூன் 3, கிளிநொச்சி

எங்கள் கமக்காரர் அமைப்பின் சிறுபோக முறைத்தண்ணீர்க் கொப்பியைக் கைத்தொலைபேசிக்குக் கொண்டுவரும் வேலையை இன்று தொடங்கினேன். துருசு (குளத்து மதகு) திறந்த நேரம், பூட்டிய நேரம், வாய்க்கால், யாருடைய முறை ஆகியவற்றை வாங்கிச் சேமித்து, கேட்கும்போது நிரல்கள் தரவைப் பரிமாறும் எழுத்து வடிவமான ஜேசனாகத் தந்தால் போதும் என்பதால், ஜாவாஸ்கிரிப்டைச் சேவையகத்தில் இயக்கும் நோட் ஜேஎஸ் மீது, வலைச் சேவை எழுத உதவும் எக்ஸ்பிரஸ் சட்டகத்தின் 5ஆம் பதிப்பைத் தெரிந்தெடுத்தேன். தரவைச் சேமிக்க எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளம்.

யூன் 5

அனுப்பிய விபரம் வெறுமையாகவே வந்தது. ஜேசனை வாசிக்கும் மிடில்வேரை (கோரிக்கை கடந்து செல்லும் இடைச் செயலை), அந்தக் கோரிக்கைக்குப் பதில் தரும் வழிக்குக் கீழே எழுதியிருந்தேன். கோரிக்கை, நிரலில் நாம் எழுதிய ஒழுங்கிலேயே இறங்கும். மேலே மாற்றியதும் சரியாயிற்று.

யூன் 9

குளக்கட்டில் சிக்னல் வரும், போகும். துருசு திறக்கும் பெரியவர் அனுப்பிய பதிவு சேர்ந்துவிட்டது. ஆனால் ‘புதிதாகச் சேர்ந்தது’ என்று சொல்லும் 201 என்ற மறுமொழி அவருடைய தொலைபேசியை அடையுமுன் தொடர்பு அறுந்தது. போகவில்லை என்று எண்ணி அவர் மறுபடி அழுத்த, ஒரே திறப்பு இரண்டாகப் பதிவாகி, கடைமடைக் கமக்காரர் ஒருவர் தாம் பெறாத நான்கு மணித்தியாலத் தண்ணீரையும் பெற்றவராகக் கணக்கில் நின்றார். “தம்பி, கொப்பியில இப்பிடி வராதே” என்று பெரியவர் கேட்டது முழு நியாயம்.

யூன் 10

இரண்டாம் முறை அழுத்தவிடாமல் தடுப்பது தீர்வல்ல; மறுமொழி கிடைக்காதவர் மறுபடி அனுப்பத்தான் வேண்டும். எத்தனை தடவை வந்தாலும் பதிவை ஒன்றாக வைத்திருப்பது சேவையகத்தின் கடமை. ஆகவே படிவம் திறக்கும்போதே தொலைபேசி ஒரு யூயூஐடியை (வேறெதனுடனும் ஒத்துப்போகாத நீண்ட அடையாளத்தை) உருவாக்கி, உறுதி கிடைக்கும்வரை அதையே வைத்திருந்து, ‘புதிதாகச் சேர்’ என்னும் போஸ்ட் கோரிக்கைக்குப் பதிலாக, அந்த அடையாளம் கொண்ட முகவரிக்கு ‘இந்த முகவரியில் இதை வை’ என்னும் புட் கோரிக்கையை அனுப்பும். ஒரே புட் பலமுறை வந்தாலும் விளைவு ஒன்றே என்பது வலைத் தொடர்பு நெறிமுறையான எச்டிடிபியின் வரையறை. அதை நிறைவேற்றுவதை எக்ஸ்பிரஸ் நம்மிடமே விட்டுவிடுகிறது.

முதலில் ‘இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் சேர்’ என்று எழுதியது தவறு: அடுத்தடுத்து வரும் இரு கோரிக்கைகளும் ‘இல்லை’ என்ற விடையையே பெறக்கூடும். யூயூஐடியையே அட்டவணையின் முதன்மைச் சாவியாக்கி (ஒரே சாவியோடு இரு வரிகள் சேர முடியாது), காவலைத் தரவுத்தளத்திடம் கொடுத்தேன். புதிதானால் 201; அதே விபரம் திரும்ப வந்தால் 200 (சரி); அதே அடையாளத்தில் வேறு விபரம் வந்தால் 409 (முரண்பாடு).

யூன் 13

எக்ஸ்பிரஸ் 4இல் எசின்க் செயலுக்குள் (காத்திருந்து பின்னர் முடியும் செயலுக்குள்) எழும் பிழையை, அடுத்த செயலை அழைக்கும் நெக்ஸ்டிடம் நாமே கையளிக்காவிட்டால் கோரிக்கைக்கு மறுமொழி போகாது. 5 அதைத் தானாகவே பிழைகளைக் கையாளும் செயலிடம் சேர்க்கிறது. அந்தச் செயலுக்கு நான்கு அளபுருக்கள் (செயல் வாங்கிக்கொள்ளும் உள்ளீடுகள்) வேண்டும். மூன்றாக எழுதினால் சாதாரண மிடில்வேராகவே கொள்ளப்படும்.

யூன் 15

பெரியவருடன் குளக்கட்டுக்குப் போனேன். தொடர்பு அறுந்து அறுந்து வர, அவர் மூன்று தடவை அனுப்பினார். அட்டவணையில் ஒரே வரி விழுந்தது. பழைய இரட்டைப் பதிவில் மிகையானதை அவர் முன்னிலையிலேயே நீக்கினேன். நாளை கடைமடைக்கு முறை.