70 வளைவு, இரண்டு சொட்டு: கொல்லிமலையில் கல்பாசி பார்க்கப் போனால்

கொல்லிமலைக்கு மழை விட்ட மறுநாள் கிளம்பாதீர்கள், இரண்டு நாள் கழித்துக் கிளம்புங்கள். கல்பாசி ஒரு லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். நனைந்த லைக்கனின் மேல்தோல் நீர் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். உள்ளே இருக்கும் பாசியின் பச்சை வெளியே தெரியும், சாம்பல் நிறம் போய்விடும். அடையாளம் பார்க்க விடும் வேதிச் சொட்டும் நீர்த்துப்போகும். பாதிக் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பையில் வேண்டியவை அதிகமில்லை. 10 மடங்கு லென்ஸ், பிளேடு, காகித உறைகள், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். மலிவாகக் கிடைக்கும் 395 டார்ச் வேண்டாம், அதில் ஊதா வெளிச்சமே கண்ணை அடிக்கும், மினுக்கம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. கூடவே இரண்டு சொட்டுப் புட்டிகள். ஒன்றில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, சுருக்கமாகப் பொட்டாஷ்: 100 மில்லி நீரில் 10 கிராம். நீரில்தான் வில்லைகளைப் போட வேண்டும், வில்லைமேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். இன்னொன்றில் துணி வெளுக்கும் ப்ளீச் திரவம், நீர் கலக்காமல். ப்ளீச் பழசானால் குளோரின் போய்விடும், சிவக்க வேண்டியது சிவக்காது. இரண்டு புட்டியும் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து.

நாமக்கல்லில் கோட்டை மலையை ஒரு சுற்று பார்த்துவிடலாம். அது குடைவரைக் கோயில்கள் உள்ள பாறை, சொட்டும் பிளேடும் அங்கே கூடவே கூடாது, லென்ஸ் மட்டும். மழைநீர் வடியும் கறுப்புத் தாரைகளை எல்லாரும் லைக்கன் என்கிறார்கள். பெரும்பாலும் அவை தனியாக வாழும் நீலப்பச்சைப் பாசிகள். லென்ஸில் ஓரமும் வடிவமும் உள்ள சின்னச் செதில்கள் தெரிந்தால்தான் லைக்கனைச் சந்தேகிக்க வேண்டும்.

சேந்தமங்கலம் தாண்டித் தென்னந்தோப்புகளில் மரத்துக்கு மரம் வெள்ளைச் சாம்பல் வட்டங்கள். “மரத்துக்குப் படை புடிச்சிருக்குதுங்க, சுண்ணாம்பு அடிச்சுப்போடலாமுங்களா?” என்பது இந்தப் பக்கம் வழக்கமான கேள்வி. வேண்டியதில்லை. லைக்கன் பட்டையில் ஒட்டி நிற்கிறது, மரத்தைத் தின்பதில்லை. உள்ளே உள்ள பாசி வெயிலில் சமைத்துக் கொடுப்பதைப் பூஞ்சை சாப்பிடுகிறது. வட்டத்தின்மேல் டார்ச் அடித்து மஞ்சளாக மினுங்கினால் அநேகமாகப் பிக்ஸைன் கொக்கோயஸ். மினுக்கத்துக்குக் காரணம் மேல்தோலில் உள்ள லைக்கஸாந்தோன் என்ற வேதிப்பொருள். பக்கத்திலேயே அச்சாக அதே மாதிரி டிரினாரியா இருக்கும், அது மஞ்சளாக மினுங்காது.

காரவள்ளியில் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. சோளக்காடு, செம்மேடு பக்கம் காப்பித் தோட்டங்களில் உரிமையாளரைக் கேட்டு, விழுந்த குச்சிகளில் இருப்பதைப் பாருங்கள். அதுவே நாள் முழுக்கப் போதும்.

பள்ளிப் பாடத்தில் லைக்கனை மேலோடு போல, இலை போல, புதர் போல என்று மூன்றாகப் பிரிப்பார்கள். கண்ணால் அடையாளம் பார்க்க அது உதவும், உறவுமுறைக்கு உதவாது. வழவழப்பான பட்டையுள்ள பாக்கு மரத்தைப் பாருங்கள். வெள்ளைப் படலத்தில் கறுப்புக் கிறுக்கல்கள், யாரோ பேனாவால் எழுதிப் பார்த்த மாதிரி. அது கிராஃபிஸ். அடுத்த மரத்தில் அதே கிறுக்கல் ஓப்பகிராஃபாவாக இருக்கலாம். முதலாவது லெக்கனோரோமைசீட்ஸ் வகுப்பு, இரண்டாவது ஆர்த்தோனியோமைசீட்ஸ். வகுப்பே வேறு. கிறுக்கலைக் குறுக்கே மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்து அயோடின் விட்டால், கிராஃபிஸ் வித்துகள் ஊதா நிறமாகும், வித்துக்குள் இருக்கும் அறைகள் லென்ஸ் வடிவில் இருக்கும். ஓப்பகிராஃபா வித்துகள் நிறம் மாறாது. சீவல் தடித்துப்போனால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும், அயோடின்மேல் பழி போடக் கூடாது.

இதற்கு நேர்மாறும் உண்டு. அகல இலையாகப் படரும் கல்பாசியும், ஈர உச்சிகளில் கிளையிலிருந்து தாடி மாதிரித் தொங்கும் உஸ்னியாவும் ஒரே குடும்பம், பார்மெலியேசி. உஸ்னியாவை மெதுவாக இழுத்தால் தோல் கழன்று, நடுவில் ரப்பர் மாதிரி நீளும் வெள்ளை நரம்பு தெரியும்.

லைக்கன் இரட்டை உயிர் என்று சுவிஸ் தாவரவியலாளர் ஷ்வென்டெனர் 1860களின் கடைசியில் சொன்னபோது அக்காலத்து லைக்கன் அறிஞர்கள் கொதித்துப்போனார்கள். இன்று பெயரிடும் விதியே அவர் பக்கம்: லைக்கனுக்கு வைக்கும் பெயர் பூஞ்சைக்கு மட்டும், பாசிக்குத் தனிப் பெயர். இந்த விதி இல்லாமல் என்ன கஷ்டம் என்பதற்கு ரிக்காசோலியா ஆம்ப்ளிஸிமா என்ற லைக்கன் சாட்சி. பச்சைப் பாசியோடு சேர்ந்தால் அகல இலை, நீலப்பச்சைப் பாசியோடு சேர்ந்தால் குட்டிப் புதர். புதரை டென்ட்ரிஸ்கோகாலான் என்று தனிப் பேரினமாகவே வைத்திருந்தார்கள். பூஞ்சை ஒன்றுதான்.

பாசியோடு குடித்தனம் நடத்தும் பழக்கம் பூஞ்சைகளிடம் ஒரே தடவை தோன்றியதல்ல. வேறு வேறு கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது, சில கிளைகளில் கைவிடப்பட்டும் இருக்கிறது. பெனிசிலின் மருந்து தரும் பூஞ்சையான பெனிசிலியத்தின் முன்னோர்கள் லைக்கனாக வாழ்ந்தவை என்று 2001இல் ஒரு ஆய்வு சொன்னது, அதைப் பிற்பாடு பலர் மறுத்தார்கள். 2016 நிலவரத்தை வைத்துத் தொகுத்த வகைப்பாட்டில் லைக்கனாக வாழும் பூஞ்சைகள் 19,387 இனங்கள், 995 பேரினங்கள். நம் காளான்களின் பிரிவான பசிடியோமைக்கோட்டாவில் அதில் 172 தான், மீதி எல்லாம் ஆஸ்கோமைக்கோட்டா என்ற இன்னொரு பிரிவு. அந்தச் சின்னப் பிரிவிலேயே ஒரே இனம் என்று நினைத்த ஒரு அமெரிக்க வெப்பமண்டல லைக்கன், மரபணுவைப் பார்த்ததும் 126 இனங்களாகப் பிரிந்தது, 2014இல். எனவே மேலே சொன்ன எண்களைப் பென்சிலில் எழுதிக்கொள்வது நல்லது.

தோட்டத்துச் சுவர்களில் ஆரஞ்சு வெல்வெட் மாதிரி ஏதாவது படர்ந்திருந்தால் ஏமாறாதீர்கள். அது டிரென்டிபோலியா, பெயர் பச்சைப்பாசி, நிறம் ஆரஞ்சு. பாறையில் ஆரஞ்சாக இருப்பதில் பொட்டாஷ் ஒரு சொட்டு விட்டுக் கருஞ்சிவப்பு ஊதாவாக மாறினால் பழைய கலோபிளாக்கா கூட்டம். அந்தப் பேரினத்தை 2013இல் பலவாகப் பிரித்துவிட்டார்கள்.

குச்சியோடு எடுத்ததைக் காகித உறையில்தான் வைக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் வைத்தால் பூசணம் பிடிக்கும். உறைமேல் ஊர், தேதி, உயரம், எந்த மரம் என்று எழுதுங்கள். மரத்தின் பெயர் விட்டுப்போன உறைக்குப் பாதி மதிப்புத்தான். நிழலில் உலர்த்தினால் போதும்.

இறங்கி வரும்போது நாமக்கல் மளிகைக்கடையில் 50 கிராம் கல்பாசி வாங்கி வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். ஒரே சரக்கு மாதிரித் தெரியும், ஒன்றாக இருக்காது. மான்கொம்பு மாதிரிக் குறுகிய கிளைகளாக இருப்பது ஹைப்போட்ரக்கைனா சிர்ரேட்டா. அகல இலைகளில் மேல்தோலைப் பிளேடால் சுரண்டி, உள்ளே வெள்ளைப் பஞ்சு தெரிந்ததும் அதன்மேல் ஊசிமுனை அளவு ப்ளீச். சட்டென்று சிவந்தால் பார்மோட்ரீமா டிங்டோரம், அதன் மேற்பரப்பில் சொரசொரவென்று ஐசிடியா என்ற குட்டி முளைகளும் இருக்கும். ப்ளீச்சுக்கு அசையாமல், வேறொரு இடத்தில் விட்ட பொட்டாஷுக்கு மஞ்சளாகி நின்று, ஓரத்தில் மாவு மாதிரி சொரீடியா என்ற பொடி இருந்தால் பார்மோட்ரீமா பெர்லேட்டம், கல்பாசி என்று புத்தகங்கள் சொல்லும் இனம். மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போனால் ரெட்டிகுலேட்டம், அதன் தோலில் வலைப்பின்னலாக வெள்ளைக் கீறல்கள் தெரியும். மேல்தோலைச் சுரண்டாமல் பொட்டாஷ் விட்டால் மூன்றுமே மஞ்சளாகும், மேல்தோலில் உள்ள அட்ரனோரின் என்ற வேதிப்பொருள் செய்யும் வேலை. சொட்டு விட்ட துண்டுகளைத் தனியே எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, மீதியைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.